கில்ட் யாருக்கு எடுப்பாக இருக்கும்

ஆண்களின் கெண்டைக்காலைப் பற்றி எனக்கு உறுதியான அபிப்பிராயங்கள் உண்டு. ஒரு பெண் இப்படி எழுதலாமா என்று கேட்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகலாம். கார்மெண்ட்ஸில் வேலை பார்த்தபோது பாவாடை, ஸ்கர்ட், கவுன் என்று கண்ணால் பார்க்காத பெண்களுக்கெல்லாம் தைத்திருக்கிறேன். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், தெருவின் பேண்ட் செட் முழுவதையும் வரிசையாக நிற்க வைத்து, முட்டிக்கு மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று இஞ்ச் டேப்போடு குனிந்து பார்த்தேனே, அன்று வந்த சிரிப்பு வேறு எந்தத் தையலிலும் வந்ததில்லை.

பேண்ட் செட் என்றால் பேக்பைப் பேண்ட், தோல்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு குழல் ஊதுவார்களே, அது. பட்டாளத்தில் வாசித்துவிட்டு வந்தவர்கள் தெருவுக்கு ஒருவர் இருந்த பக்கம் என்பதால் எங்களுக்கு அந்தச் சத்தம் புதிதில்லை. கல்யாணம், கரகம், சாவு, எல்லாவற்றுக்கும் போவார்கள். எங்கள் செட்டின் தலைவர் மாஸ்டர் அண்ணன். காலையில் பால் பாக்கெட் போடுவார், சாயங்காலம் பைப் ஊதுவார், நடுவில் நன்றாகச் சாப்பிடுவார். இத்தனை வருஷமும் அவர்கள் உடுப்பு சிவப்புக் கோடு போட்ட வெள்ளை பேண்ட்தான். ஒரு பணக்காரக் கல்யாணத்துக்கு அவர்களைக் கூப்பிட்ட ஈவென்ட் மேனேஜர் பெண், "ஃபுல் ஸ்காட்டிஷ் லுக் பேக்கு", வேண்டும் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டாள். சொன்னதோடு நிற்காமல், ஸ்காட்லாந்து ஆண்கள் பாவாடை மாதிரி கட்டுகிற கில்ட்டையும் ஒரு மூட்டை அனுப்பிவிட்டாள்.

மூட்டையைப் பிரித்தால் சிவப்பும் பச்சையும் கட்டம் போட்ட துணி. பின்பக்கம் முழுக்க அடுக்கடுக்காகக் கொசுவம், முன்பக்கம் மட்டமாக இரண்டு பட்டை ஒன்றின்மேல் ஒன்று வந்து மூடும். நல்ல கில்ட்டில் இடுப்புக்குத் தோல் வாரும் பக்கிளும் இருக்குமாம். இது நாடகத்துக்குத் தைத்த மலிவு சரக்கு. இடுப்பில் வெறும் வெல்க்ரோ, பிள்ளைகள் ஷூவில் டர்ரென்று பிய்த்து ஒட்டுவார்களே, அதுதான். எல்லாவற்றிலும் ஃப்ரீ சைஸ் என்று சீட்டு தைத்திருந்தது. ஃப்ரீ சைஸ் என்றால் ஒருவருக்கும் சரியாக இருக்காது என்று அர்த்தம். தெருவில் தையல் தெரிந்தவள் நான் என்பதால் மாஸ்டர் அண்ணன் அதை என் தலையில் கட்டினார்.

நான் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. அந்த செட்டில் சைட் டிரம் அடிப்பவனைத்தான் கட்டிக்கொள்வது என்று நான் முடிவு செய்திருந்தேன். வார நாட்களில் அவன் லிஃப்ட் மெக்கானிக். நெட்டையாக, கொடிக்கம்பத்துக்குச் சட்டை மாட்டியது போல இருப்பான். அவன் அம்மாவுக்குச் சம்மதம். சம்மதிக்காதவர் என் அப்பா ஒருவர்தான். அவரை நாங்கள் நைனா என்போம்.

நைனாவுக்கு அவன் வேலையும் பிரச்சினை இல்லை, சம்பளமும் பிரச்சினை இல்லை. அவன் லுங்கிதான் பிரச்சினை. மடித்துக் கட்டிய லுங்கியோடு பெரியவர்கள் முன்னால் நிற்கக் கூடாது, அவர்களைக் கண்டால் மடிப்பை இறக்கிவிட வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை, கை தானாகப் போகும். நான் வீட்டில் அவனைப் பற்றிச் சொன்ன அடுத்த வாரம், பக்கத்து வீட்டு மாடிக்கு அவன் கேஸ் சிலிண்டர் தூக்கிக்கொண்டு போனான். எதிரே நைனா படியிறங்கி வந்தார். லுங்கி தொடைக்கு மேலே, இரண்டு கையும் சிலிண்டரில். பாவம், என்ன செய்வான்? தாடையை ஆட்டி வணக்கம் சொன்னான்.

வீட்டுக்குள் வந்ததும் வராததுமாக நைனா குதித்தார். "தாடையால வணக்கம் வெக்கறான்! தொடையக் காட்டிகினு தாடையால வணக்கம் வெக்கறவனுக்கு நான் பொண்ணு குடுக்கணுமா?"

அந்தத் தாடையைப் பற்றி ஒரு வருஷம் பேசினோம். சிலிண்டரைப் படியில் வைத்துவிட்டு லுங்கியை இறக்கியிருக்கலாம் என்பது நைனாவின் கட்சி. சிலிண்டர் உருண்டு உங்கள் காலில்தான் விழுந்திருக்கும் என்பது என் கட்சி. இதற்கிடையே ஒக்கலிபுரத்து அத்தை எனக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்தாள். கடைசியில் நைனா ஒரு முடிவுக்கு வந்தார். அவர் ஒரு பெரிய கல்யாண மண்டபத்தில் மேற்பார்வையாளர். மாப்பிள்ளை ஊர்வலத்தை வாசலில் நின்று வரவேற்பதும் அவர் வேலைதான். இந்தப் பணக்காரக் கல்யாணம் நடக்கப்போவதும் அங்கேதான்.

"வேலை செய்யற எடத்துல எப்படி நடந்துக்கறான்னு ஒரு தடவை பாக்கறேன்" என்றார். "புடிக்கலன்னா அந்தக் கல்யாணம் முடிஞ்ச ஞாயித்துக்கிழம அத்தை சொன்ன எடத்துக்கு வாக்கு குடுத்துருவேன். அப்பறம் நீ அழுது பிரயோஜனம் இல்ல."

ஆக, நைனா அவனைப் பார்க்கப்போகிற அந்த ஒரே தடவையில், அவன் முட்டி தெரிய ஒரு துணியைக் கட்டிக்கொண்டு அவர் முன்னால் வந்து நிற்க வேண்டும். அது இறக்கிவிடவும் முடியாத துணி. விதி என்றால் இதுதான் என்று எனக்கு அழுகை வர வேண்டும். ஆனால் மொட்டைமாடிக் கதவு திறந்து முதல் ஆள் கில்ட்டில் வெளியே வந்ததும் எனக்கு எல்லாம் மறந்துபோயிற்று.

இந்த ஆண்கள் தினமும் காலையில் தொடை தெரிய லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தெருக் குழாயடியில் பல் விளக்குகிறவர்கள். ஒருவரும் வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. கில்ட்டைக் கட்டியதும் பெண் பார்க்க வந்த வீட்டில் காபி தட்டோடு தள்ளிவிடப்பட்ட பெண்ணைப் போல ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்தார்கள்.

"லுங்கி இதைவிட நாலு விரல் மேலதான நிக்கும், அப்ப எங்க போச்சு இந்த வெட்கம்?" என்று கேட்டேன்.

"லுங்கி நாமளா மடிச்சது கா" என்றான் தண்ணி கேன் போடுகிறவன். "இது அவுங்க மடிச்சு குடுத்தது."

அவனிடமிருந்தே தொடங்குகிறேன். குள்ளம், நாலு பக்கமும் ஒரே அகலம். கில்ட் அவனுக்கு முழங்காலைத் தாண்டிக் கணுக்காலைத் தொடப் பார்த்தது, ஸ்கூல் பிள்ளைக்கு அக்காவின் பாவாடையைக் கட்டிவிட்டது போல. வெட்டி மடித்துத் தைத்து முட்டிக்குக் கொண்டுவந்தேன். உடனே மாடியில் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். மாடி மாடியாகக் கேன் ஏற்றிய கால் அது. கெண்டைக்கால் என்றால் கெண்டைக்கால். பேண்டுக்குள் இத்தனை வருஷம் இதை ஒளித்து வைத்திருந்தது அநியாயம் என்று நான் சொல்ல, அவன் மனைவி கீழ்வீட்டு ஜன்னலிலிருந்து, "கண்ணு வெக்காத கா!" என்று கத்தினாள்.

அடுத்து பெரிய டிரம் அடிக்கிற தம்பி. ஜிம்மே கதி என்று கிடப்பவன். டீஷர்ட் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, தனக்குத்தான் முதல் பரிசு என்ற நடையில் வந்தான். மேலே பீமன், கீழே கொக்கு. இத்தனை வருஷமும் தோளையும் நெஞ்சையும் மட்டும் வளர்த்துக் காலை மறந்துவிட்டிருக்கிறான். கில்ட் அதைத் தெருவுக்கே சொல்லிவிட்டது. அவன் முகம் சுருங்கியதைப் பார்க்கப் பாவமாக இருந்தது, ஆனாலும் சிரித்தேன். சாக்ஸை இரண்டு ஜோடியாக மாட்டி, உள்ளே கொஞ்சம் பஞ்சு வைத்து ஒரு கெண்டைக்காலை உண்டாக்கிக் கொடுத்தேன். மற்ற இரண்டு பைப்காரர்களும் நடுத்தர உடம்பு. நடுத்தர உடம்பைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, எதைக் கட்டினாலும் பரவாயில்லை என்றுதான் இருக்கும்.

மாஸ்டர் அண்ணன் கடைசிவரை கதவுக்குப் பின்னாலேயே நின்றார். "எனக்கு வேணாம் மா, நான் பேண்ட்லயே ஊதறேன்" என்றார். இழுத்துக்கொண்டு வந்தோம். வேட்டி கட்டும் வழக்கத்தில் வயிற்றுக்குக் கீழே கட்டியிருந்தார், அதனால் பின்பக்கம் தூக்கி முன்பக்கம் தரையைப் பார்த்தது. தொப்புளுக்கு மேலே ஏற்றிக் கட்டினேன். இப்போது வயிறு துணியை வாங்கிக்கொண்டு முன்பக்கம் தூக்கியது. கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு ஞாபகம் வந்தது, கார்மெண்ட்ஸில் கர்ப்பிணிகளுக்கு ஒரு ஸ்கர்ட் தைப்போம், முன்பக்கம் மட்டும் நீளம் கூட வைத்து.

"எத்தினி மாசம் ணா?" என்று கேட்டுக்கொண்டே கீழே பட்டி பிரித்தேன்.

"ஆவணியில டெலிவரி" என்றார் மாஸ்டர் அண்ணன் முகத்தை மாற்றாமல். ஜிம் தம்பி தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

தைத்து முடித்து, நடந்து காட்டுங்கள் என்றேன். நடந்தார். அன்று ஒன்று தெரிந்துகொண்டேன், கில்ட்டைக் கண்டுபிடித்தவன் தொப்பைக்காரனாகத்தான் இருந்திருக்க வேண்டும். அந்த வயிறும் அகலமான இடுப்பும் துணியை நிமிர்த்திப் பிடிக்க, பின்னால் கொசுவம் அடிக்கு ஒரு பக்கமாக ஆடியது. பேண்டில் மூச்சு முட்டுகிற மனிதர் இதில் ராஜா மாதிரி வந்தார். அவர் மனைவி மேலே வந்து பார்த்து, கீழே இறங்கிப் போய், மிளகாயும் உப்பும் எடுத்து வந்து சுற்றிப் போட்டாள். மிளகாய் நெடியில் எல்லோரும் தும்மினோம்.

இப்போது என் ஆள். அவனுக்கு உயரம் இருக்கிறது, நிமிர்ந்த முதுகு இருக்கிறது, இடுப்பு என்ற ஒன்று மட்டும் இல்லை. தோளிலிருந்து பாதம்வரை ஒரே கோடு. கில்ட் உட்கார ஒரு இடம் வேண்டுமே, ஏறி உட்காரப் பார்த்தது, இடம் இல்லை என்று வழுக்கி வந்தது. பின்னால் கொசுவம் கொடியில் காயப்போட்டது போலத் தொங்கியது. போதாததற்கு அவன் உயரத்துக்கு அது முட்டிக்கு மேலே நின்றது. அதாவது, மிகச் சரியாக, மடித்துக் கட்டிய லுங்கியின் உயரத்தில்.

அவன் குனிந்து தன் முட்டியைப் பார்த்தான். "மறுபடியும் இந்த முட்டியோட உங்க நைனா முன்னாடி போய் நிக்கணுமா?" என்றான். எல்லோருக்கும் தாடைக் கதை தெரியும்.

"அது யூனிஃபார்ம் டா" என்று மாஸ்டர் அண்ணன் சமாதானம் சொன்னார்.

"உங்களுக்கு யூனிஃபார்ம் ணா. அவருக்கு அது மடிச்ச லுங்கி."

தண்ணி கேன்காரனின் கில்ட்டில் வெட்டிய துண்டுகளையெல்லாம் சேர்த்து அவன் கில்ட்டின் அடியில் ஒரு பட்டி வைத்து, முட்டி மறையும்படி இறக்கினேன். இடுப்பையும் இரண்டு விரல் பிடித்தேன். கட்டங்கள் கோட்டுக்குக் கோடு சேரும்படி நான் தைத்த தையலை நானே மெச்சிக்கொண்டேன்.

கல்யாணத்தன்று மண்டபத்துக்குக் கொஞ்ச தூரம் தள்ளி டெம்போ நின்றது. ஊசி, நூல், பின்னோடு நானும் போயிருந்தேன். ஈவென்ட் மேனேஜர் பெண் வரிசையை ஒரு பார்வை பார்த்தாள். எல்லோர் கில்ட்டும் முட்டிக்கு மேலே, ஒருவனுடையது மட்டும் கீழே. "ஏன் இது? யூனிஃபார்ம் லென்த் பேக்கு" என்றாள். கெஞ்சிப் பார்த்தேன். மாப்பிள்ளை குதிரை ஏறியாயிற்று, பிரி பிரி என்றாள். டெம்போ படியில் உட்கார்ந்து என் தையலை நானே பிரித்தேன். அவசரத்தில் இடுப்பில் பிடித்த தையலும் சேர்ந்து விட்டுப்போனதை நான் கவனிக்கவில்லை.

பைப் எழுந்தது. ஐயோ, அந்தச் சத்தம்! பலூன்காரன், பானிபூரிக்காரன், டிராஃபிக் போலீஸ்காரர், எல்லோரும் திரும்பினார்கள். முன்னால் ராஜா வயிற்றோடு மாஸ்டர் அண்ணன், கொசுவம் ஆட ஆட. ரோட்டோரம் நின்ற கல்லூரிப் பெண்கள் தண்ணி கேன்காரனின் காலைப் பார்த்து, "சக்கத்தா இருக்குல்ல?" என்று ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். நானும் பூரித்துப்போய்க் கூட ஓடினேன்.

மண்டப வாசலில் நைனா நின்றார். வேலை செய்யும்போது அவரும் வேட்டியை மடித்துத்தான் கட்டுவார். ஒரு கார் வந்து நின்றது, மடிப்பை இறக்கிக் கும்பிட்டார். இறங்கிய ஆள் ஃபோனில் பேசிக்கொண்டே உள்ளே போனார். அடுத்த கார் வந்தது, மீண்டும் இறக்கினார். மீசை முளைக்காத ஒரு பிள்ளைக்கும் இறக்கினார். பிறகு ஊர்வலம் திரும்பி, பேண்ட் வாசலுக்கு நேரே வந்தது. நைனா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அவனைப் பார்த்தார். அவனும் நைனாவைப் பார்த்தான்.

அடுத்து நடந்ததை அவன் செய்தான் என்று சொல்ல மாட்டேன், அவன் கை செய்தது. டிரம் குச்சி இரண்டும் கீழே விழுந்தன. கை இரண்டும் இடுப்புக்குப் போயின. லுங்கி மடிப்பை எடுத்து விடுவது போல முன்பக்கத்தைப் பிடித்து ஒரே இழு. டர்ர்ர்ரென்று வெல்க்ரோ கிழிந்த சத்தம் பைப்பையும் தாண்டிக் கேட்டது.

இடுப்பு இருந்தாலாவது துணி ஒரு நொடி யோசித்திருக்கும். கழுத்தில் மாட்டிய டிரம் முன்பக்கத்தை மறைத்துக்கொண்டது, பின்பக்கம் கில்ட் சரசரவென்று இறங்கியது. உள்ளே கறுப்பு அரைக்கால் டைட்ஸ் இருந்தது, அந்த மட்டும் மானம் பிழைத்தது. அவன் நைனாவைப் பார்த்தபடியே, வேர்க்க விறுவிறுக்க, "வணக்கங்க" என்றான். ஜனம் ஓவென்று கூச்சலிட்டது. முடிந்தது, ஒக்கலிபுரம்தான் என்று நான் கண்ணை மூடினேன்.

திறந்து பார்த்தால் வாசலில் நைனாவைக் காணோம். அவன் பின்னால் இருந்தார். குனிந்து கில்ட்டை முட்டியிலிருந்து வாரி எடுத்து, இடுப்பில் சுற்றி, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். "இடுப்புலேந்து கைய எடு, நீ அடி" என்று அதட்டினார். "நான் புடிச்சிகினு வரேன். அடி டா!"

ஓடிப்போய்க் குச்சிகளைப் பொறுக்கிக் கொடுத்தேன். அவன் அடித்தான். நைனா சைக்கிள் கற்றுக்கொடுப்பவர் போலக் குனிந்து, அவன் இடுப்பைப் பிடித்தபடி, தாளத்துக்குத் தாளம் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு, சிவப்புக் கம்பளத்தின் மேலே, பூ மழைக்கு நடுவே, மேடைவரை போனார். அந்த நேர்த்தியான வெள்ளை வேட்டிக்காரரை ஊரே ஃபோனில் படம் எடுத்தது. அது நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்து மாப்பிள்ளையின் மாமா ஒருவர் நைனாவின் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, அவர் பின்னால் இன்னும் நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். "சூப்பர் ஆயித்து சார்!" என்று ஈவென்ட் மேனேஜர் பெண் கை தட்டினாள். நான் ஒரு தூணில் சாய்ந்து, மூச்சு வாங்கச் சிரித்தேன்.

வாசிப்பு முடிந்ததும் சாமான் அறையில் கில்ட்டைத் தைத்துக்கொண்டிருந்தேன். நைனா வந்து அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டார். நான் தலை தூக்கவில்லை.

"எல்லாரும் சிரிச்சாங்க நைனா" என்றேன்.

"சிரிக்கட்டும்."

வெளியே பந்திக்கு இலை போடுகிற சத்தம் கேட்டது.

"இந்த வாசல்ல நின்னு நான் யாருக்குத்தான் மடிப்ப எறக்கல?" என்றார். "கார்ல வந்தவன், பைக்ல வந்தவன், எம் பேரக்கூடக் கேக்காதவன், எல்லாருக்கும் எறக்கியிருக்கேன். இந்த வாசல்ல என்னப் பாத்து ஒருத்தன் எறக்கினது இன்னிக்குத்தான். இடுப்புல என்னா கட்டியிருக்கான்றதுகூட அவனுக்கு ஞாபகம் வரல, பாரு."

சொல்லிவிட்டு ஃபோனை எடுத்தார். அத்தையிடம், அந்தப் பையன் வீட்டுக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லிவிடு என்றார். அத்தை கத்தியது எனக்கே கேட்டது. ஊசி விரலில் குத்தியதுகூடத் தெரியாமல் நான் உட்கார்ந்திருந்தேன்.

நைனா எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கதவுவரை போய்த் திரும்பினார். "ஞாயித்துக்கிழம அவுங்க அம்மாவ கூட்டிகினு வரச் சொல்லு. பேண்ட்டு போட்டுகினு வரட்டும். மறுபடியும் புடிச்சிகினு நடக்க எனக்கு முதுகு தாங்காது."